கோதுகளைத் திருப்பி வாங்கப் போன நாள்

போன கிழமை செல்வி தொலைபேசி எடுத்தாள். நான் முன்பு வேலை செய்த கடையில் இப்போது அவள்தான் பிரஸ்ஸில் தோட்டாக் கோது அடிக்கிறாள்.

"அக்கா, இங்க புது மெசின் பூட்டியிருக்கினம். கமெரா வைச்சுத் தானே அளக்குது. ஆனா சுவரிலே ஒரு பழைய மட்டை கிடக்கெல்லோ, ஒவ்வொரு கோதுக்குள்ளயும் கம்பி விட்டுப் பாக்கவேணும் எண்டு எழுதி. அதைக் கழட்டப்போறாராம் முதலாளியின்ர மகன். அது ஆர் போட்ட சட்டம்? ஏன் போட்டது?"

"பேந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன், அதை மறந்துவிட்டு உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன், தோய்க்கும் தூளை மேலே விட்டுவிட்டேன், திரும்பி ஏறினேன். சோபாவில் இருந்த இவர், "என்ன புள்ள, எதையும் துலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் நடக்கிறேன் என்று கேட்டார். நான் போய், வற்றிப்போயிருந்த தேத்தண்ணித் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

செல்வி கேட்டது தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விசயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில் குடியிருக்கிறோம். கனடாவுக்கு வந்த புதிதில் பக்கத்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் நின்று செய்யக்கூடிய வேலை ஒன்று தேடியபோது, மொன்ட்ரியால்-நோர் பக்கம் கார் திருத்தும் கடைகளுக்கு நடுவில் இருந்த ஒரு தகரக் கட்டடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன கடை என்று தெரியாமல்தான் போனேன்.

வேட்டைக்காரரும், குறிபார்த்துச் சுடும் சங்கத்துக்காரரும் தாங்கள் சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். கோதை எறிவதில்லை. திரும்ப வெடிமருந்து போட்டு, ரவை வைத்துப் பாவிக்கலாம். ஆனால் சுட்ட கோது வீங்கியிருக்கும். துவக்கில் தோட்டா உட்காரும் அறை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அது ஊதிப்போய் நிற்கும். அதைக் கழுவி, கிறீஸ் தடவி, உருக்கு அச்சுக்குள் தள்ளி, பழைய அளவுக்குக் கொண்டுவருவது என் வேலை. மருந்தும் ரவையும் வைப்பது பக்கத்து அறையில். அந்தக் கதவைத் தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். கடைசிவரைக்கும் நான் அதைத் தாண்டவில்லை.

இவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. மட்டக்களப்பில் சண்டைக்காலத்தில் இவர் பார்த்தவை இவருக்கு. "உலகத்துல வேற வேலை ஒண்டும் கிடைக்கல்லையா ஒங்களுக்கு?" என்றார். நான் திருகோணமலையில் பார்த்தவை எனக்கு. ஆனால் வெறும் கோது வெறும் கோதுதான். மருந்தில்லாத பித்தளை. பித்தளைக் குத்துவிளக்கு மினுக்குவதைப்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழகுவதற்கு ஒரு வருடம் பிடித்தது. கிறீஸ் குறைந்தால் கோது அச்சுக்குள் இறுகிவிடும், இழுத்தால் அடி பிய்ந்து வரும். கூடினால் தோளில் பள்ளம் விழும். ஓம், கோதுக்குத் தோள் உண்டு, கழுத்து உண்டு, அடி உண்டு. அகலமான உடம்பு ஒடுங்கிக் கழுத்தாகும் சரிவைத்தான் தோள் என்போம். முழு வித்தையும் அந்தத் தோளில்தான் இருக்கிறது.

எங்கள் மேற்பார்வையாளர் மதாம் ஜினெத். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூப்பு. உயரமான, எலும்பான பெண். நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். அவர் ஒருநாளும் ஒருவரையும் ஏசி நான் காணவில்லை. பிழையான கோது ஒன்றைக் கண்டால், அதைத் தலைகீழாக எங்கள் முன்னால் மேசையில் நிறுத்திவைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாங்களே தேடவேண்டும். சிலவேளை சாப்பாட்டு நேரம்வரை அந்தக் கோது மேசையில் தலைகீழாக நிற்கும். கண்டுபிடித்துச் சொன்னால், "பொன்" என்பார். பிரெஞ்சில் "சரி" என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு நாள் முழுக்க ஓடித்திரிந்திருக்கிறேன்.

அச்சைப் பொருத்துவது ஜினெத் மட்டும்தான். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ரேடியோவை நிறுத்துவார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுவார். பிறகு அந்தப் பையைக் கொண்டுவந்த வேட்டைக்காரனின் துவக்கில் சுட்ட கோது ஒன்றை எடுத்து, தோள் எங்கே நிற்கிறது என்று முள் வைத்த அளவுகருவியில் பார்ப்பார். ஒவ்வொரு துவக்குக்கும் வயிறு வேறு. ஒன்றுக்குச் சரியான அளவு இன்னொன்றுக்குச் சரிவராது. அச்சைச் சற்றுத் திருகி இறக்குவார், ஒரு கோதைத் தள்ளுவார், துடைப்பார், அளப்பார். இன்னும் சற்று. திரும்ப அளப்பார். தோள் ஒரு தாளின் தடிப்பில் பாதிதான் பின்னால் போகவேண்டும். அந்த இடம் வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி, பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதன்பிறகுதான் நாங்கள் மூச்சு விடுவோம், ரேடியோ திரும்பப் பாடும்.

தோள் போதாமல் தள்ளப்பட்டால் துவக்கு பூட்டாது. அது தொல்லை, ஆபத்தில்லை. கூடத் தள்ளிவிட்டால்தான் வினை. கோது அறைக்குள் தளர்வாக இருக்கும். வெடிக்கும்போது கோதின் முன்பக்கம் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பக்கம் பின்னுக்குப் பாயும். இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிலவேளை அடிக்குச் சற்று மேலே ஒரு மினுக்கக் கோடு. ஆனால் நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்தால், மெலிந்த இடத்தில் கம்பி தட்டுப்படும். அப்படிப்பட்ட கோது ஒருநாள் கிழியும். எரிந்த மருந்தின் சூடான ஆவி பின்பக்கமாக வரும். பின்பக்கத்தில் இருப்பது சுடுகிறவனின் முகம்.

இது நடந்த இலையுதிர் காலத்தில் எங்களிடம் த்ரீ-நோட்-த்ரீ கோதுகள் நிறைய வந்தன. அந்தப் பெயர் எனக்கு ஊரிலேயே தெரியும். பொலிஸ்காரரின் தோளில் தொங்கியது அதுதான். இங்கே அது தாத்தாக்களின் துவக்கு. அப்பா மகனுக்குக் கொடுத்து, மகன் மருமகனுக்குக் கொடுத்து, இன்னும் காட்டுக்குப் போய்வருகிறது. அதன் அறை மிகத் தாராளம். அதனால் அந்தக் கோதுகளை அச்சுக்குள் தள்ளும்போது இரட்டைக் கவனம் வேண்டும்.

ஒரினியால் வேட்டை தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரினியால் என்றால் எங்கள் ஊர் மரைபோல ஒரு மான், ஆனால் எருமையைவிடப் பெரியது. அதற்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் இடுப்பொடியும் காலம்.

ஒருநாள் காலை, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கடைக்குள் வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வலது பக்கக் கண்ணாடி முழுக்கப் புகைக்கரி. அதற்குப் பக்கத்தில் எங்கள் கடைத் தோட்டாப் பெட்டியையும் கோதின் அடித்துண்டு ஒன்றையும் வைத்தார். மற்றப் பாதி துவக்கின் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறதாம். வேட்டைக்கு முன்னம் குறி சரிபார்க்கச் சுட்டிருக்கிறார்.

"கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் இப்போது நான் வேறு ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதலாளி முசியே பெர்னார் உள்ளே இருந்து வந்தார். துண்டைப் பார்த்தார், பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியை அடிச்சது ஆர்?"

"நான்தான், முசியே."

"எப்படி அடிச்சாய்? பலமாகக் குத்தினாயா?"

பலமாகக் குத்தினாலும் மெதுவாகக் குத்தினாலும் அச்சு நின்ற இடத்தில்தான் கோதும் நிற்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் பயந்த மனிதன் கிட்டத்தில் நிற்பவரைத்தான் பிடிப்பான். பிரெஞ்சு ஒரு சொல்லும் வரவில்லை.

ஜினெத் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். "அச்சைப் பொருத்தினது நான். இவள் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதரின் பெட்டியில் மிச்சம் இருந்த தோட்டாக்களை அளவுகருவியில் வைத்தார். கண்ணை மிகக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கருவியை என்னிடம் நீட்டி, "நீ வாசி" என்றார். வாசித்தேன். தோள் போகவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. எங்கள் தொழிலில் வெகுதூரம் என்றால் இரண்டு தாள் தடிப்பு.

வேட்டை அவசரத்தில் பல பேரின் த்ரீ-நோட்-த்ரீ கோதுகளுக்கும் ஜினெத் ஒரே பொருத்தம்தான் வைத்திருந்தார்; அதில் அடித்த பெட்டிகள் இன்னும் ஆறேழு பேரிடம் போயிருந்தன. ஜினெத் முதலாளியிடம், எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பி வாங்கவேண்டும் என்றார். வேட்டைக்கு முதல்நாள் இப்படி அழைப்பு எடுத்தால் இனி எவன் இந்தக் கடைக்கு வருவான் என்று முதலாளி கேட்டார். கடையை மூடவேண்டி வரும் என்றார். ஜினெத் அந்தக் கிழிந்த அடித்துண்டை எடுத்து, முதலாளியின் முன்னால் மேசையில் தலைகீழாக நிறுத்திவைத்தார். முதலாளி அதைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் ஒருவரைத் தவிர எல்லோரும் அகப்பட்டார்கள். சிலர் ஏசினார்கள், சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் தன் பெட்டியை உடனே காரில் கொண்டுவந்து தந்துவிட்டு வேறு கடை தேடிப் போனார். அகப்படாதவர் கஸ்தோன் என்று ஒரு கிழவர். அவருடைய மனைவிதான் தொலைபேசியில் வந்தார். அவரும் மச்சான் லூக்கும் நேற்றே வடக்கே மலைக்குப் போய்விட்டார்களாம், அங்கே வேட்டை முந்தியே தொடங்கிவிட்டதாம், காட்டுக்குள் கொட்டில் ஒன்று இருக்கிறதாம், அங்கே தொலைபேசி வேலை செய்யாதாம். முதலாளி வனக் காவலருக்கு அழைப்பு எடுத்தார். அந்தப் பக்கம் போகும்போது சொல்கிறோம், எப்போது போவோம் என்று சொல்லமுடியாது என்றார்கள்.

"நான் போறன்" என்றார் ஜினெத். என்னைப் பார்த்தார். "நீயும் வா."

கார் நிறுத்துமிடத்தில் அவர் திறப்பை என் கையில் தந்தார். அது அவருடைய கார். அதை வேறு ஒருவர் ஓட்டி நான் கண்டதில்லை. நான் கோட்-டெ-நெய்ஜிலிருந்து புரோசார்ட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மட்டும் ஓட்டுவேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், பாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "மதாம், எனக்குப் பெரிய சாலை பழக்கமில்லை" என்றேன். "பழகு" என்றார்.

வடக்கே போகும் பெருஞ்சாலையில் லொறிகள் என்னை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. ஸ்டியரிங் என் வியர்வையில் வழுக்கியது. ஜினெத் முழங்காலில் கை வைத்து முன்னுக்குச் சரிந்து இருந்தார். மொன்ட்ரியால் முடிந்து, வீடுகள் முடிந்து, மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தொடங்கிய இடத்தில் திடீரென்று கேட்டார்.

"அந்தப் பலகையிலே என்ன எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன்.

"எனக்கு ஒரு பச்சைப் பெட்டி மட்டும்தான் தெரியுது. கோடைகாலத்திலிருந்து இப்படித்தான்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரே சொன்னார். "அச்சைப் பொருத்தின அண்டைக்கு நான் முள்ளைப் பார்க்கேல்லை, ரோஞ்சி. முள் எங்க நிக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். அங்கதான் நிக்குது எண்டு நினைச்சுக்கொண்டன்."

என் பெயர் ரஞ்சி. அவர் வாயில் அது ரோஞ்சி.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது. அன்று காலை முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துப்போடுவினம். வீட்டிலே எனக்கு ஒரு பூனைதான் இருக்கு" என்றார்.

நான் வேகத்தைக் கூட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதில்லை. லொறிகளை நானே முந்தினேன்.

பெருஞ்சாலை விட்டு, சிறு சாலை விட்டு, கடைசியில் கல்லும் மண்ணுமான கிறவல் பாதை. கஸ்தோனின் மனைவி சொன்ன அடையாளங்களை ஜினெத் மனத்தில் வைத்திருந்தார். சிவப்புக் கூரைத் தேவாலயம், பிறகு மரம் அரியும் ஆலை, பிறகு இடது கை. அடையாளத்தை நான் பார்த்துச் சொல்ல, எந்தப் பக்கம் திரும்புவதென்று அவர் சொன்னார். கொட்டிலுக்கு முன்னால் ஒரு கிழவர் செம்மஞ்சள் மேலங்கியோடு விறகு கொத்திக்கொண்டு நிற்பதைக் கண்டபோது, என் கால் தானாகவே பிரேக்கில் இறங்கியது.

அவர்தான் கஸ்தோன். விசயத்தைக் கேட்டதும் கோடரியை மரத்தில் குத்திவிட்டு உள்ளே போனார். அரைப் பெட்டி தோட்டாக்களோடு வந்தார்.

"நான் இன்னும் ஒண்டும் சுடேல்லை. முழங்கால் நோகுது. மிச்சப் பாதி லூக்கிட்ட."

"லூக் எங்கே?"

அவர் ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். விடியப் போனவராம். கையில் அதே ரகத் துவக்கு, அவருடைய அப்பாவின் துவக்கு. கதைக்க வோக்கி-டோக்கி வைத்திருக்கிறார், ஆனால் சத்தத்துக்கு ஒரினியால் ஓடிவிடும் என்று அதை நிறுத்திவைத்திருப்பார்.

நான் ஏரிப்பக்கம் நடக்கத் தொடங்கினேன். கஸ்தோன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வேட்டை நடக்கும் காட்டுக்குள் மண்ணிற மேலங்கியோடு போனால் என்னையே ஒரினியால் என்று சுட்டுவிடுவார்கள் என்றார். எனக்கும் ஜினெத்துக்கும் செம்மஞ்சள் அங்கிகள் எடுத்துத் தந்தார். என்னுடையது முழங்கால்வரை தொங்கியது.

"ஹோர்ன் அடி" என்றார் ஜினெத். "விலங்கு கலைஞ்சு போகும்!" என்று கஸ்தோன் கத்தினார். "போகட்டும்!" என்று ஜினெத் அதைவிடக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் காருக்குள் ஏறி ஹோர்னில் கையை ஊன்றினேன். நீளமாக மூன்று முறை. நிறுத்திக் காது கொடுத்தோம். காற்று, இலை, தூரத்தில் ஏதோ ஒரு பறவை. திரும்ப மூன்று முறை. நிறுத்தினோம்.

அப்போது வெடித்தது.

ஏரிக்கு அப்பாலிருந்து ஒரு வெடி. மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கஸ்தோன் நெற்றியைச் சுருக்கினார். "லூக் எப்பவும் ரெண்டு தரம் சுடுவான். ஒரு வெடியை அவன் நம்பமாட்டான்."

நாங்கள் காத்து நின்றோம். இரண்டாவது வரவில்லை.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பல வெடி கேட்டால் அது சண்டை, எங்கேயோ நடக்கிறது, குப்புறப் படுத்துவிடலாம். ஒற்றை வெடி கேட்டால் அது ஒரு ஆள். என் அண்ணன் சந்திக்கடைக்குப் பாண் வாங்க சைக்கிளில் போன காலையில் எங்களுக்குக் கேட்டது ஒற்றை வெடி. அம்மா அடுப்படியில் இருந்து எழும்பி வந்து, முற்றத்தில் நின்று, அடுத்த வெடி கேட்காதா என்று நின்றா. கேட்கவில்லை. அதற்குப் பிறகு பட்டாசு வெடித்தாலும் நான் காதைப் பொத்திக்கொள்கிறவள். அப்படிப்பட்ட நான் அந்தக் காட்டுப் பாதையில், கையில் செம்மஞ்சள் அங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முருகா இன்னொரு வெடி, இன்னொரு வெடி மட்டும் கேட்கவேண்டும் என்று மன்றாடினேன்.

கஸ்தோன் நொண்டிக்கொண்டே ஓடத் தொடங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஜினெத்துக்கு நிலம் சரியாகத் தெரியவில்லை, வேரில் தடக்கினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கஸ்தோன் "லூக்! லூக்!" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். கிளைகள் முகத்தில் அடித்தன. அந்தக் கிழவர் எங்களைவிட வேகமாகப் போனார்.

பாதை ஏரிக்கரைக்கு இறங்கும் வளைவில் அவர் சடாரென்று நின்றார்.

எதிரே ஒரு தடித்த மனிதர் ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் கரி, புருவத்தில் பாதி பொசுங்கியிருந்தது. துவக்கைத் திறந்தபடி ஒரு கையில் பிடித்திருந்தார்.

"ஆர் அந்த ஹோர்ன் அடிச்ச மடையன்?" என்று கத்தினார். "அது என்னைப் பார்த்துத்தான் வந்தது! இவ்வளவு கொம்பு! சுட்டன், கோது ரெண்டாப் பிஞ்சு அரைவாசி உள்ளே இறுகிப்போச்சு. அடுத்த வெடி வைக்க வழியில்லை. அது நிண்டு என்னை ஒருக்காப் பார்த்திட்டு, ஆறுதலாக நடந்து போகுது!"

கஸ்தோன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜினெத் லூக்கின் முகத்துக்கு மிகக் கிட்டப் போய், இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கண்கள் இரண்டும் நல்லாயிருந்தன. சுடும்போது தலையைச் சற்று இடது பக்கம் சரிப்பது அவருடைய பழக்கமாம். ஆவி கன்னத்தோடு போய்விட்டது.

நான் அப்படியே ஈர இலைமேல் குந்திவிட்டேன். அழுகை வந்தது. நாலு பேருக்கு முன்னால், சத்தம் போட்டு, மூக்கு வடிய அழுதேன். அண்ணனின் செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

லூக்கின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பையனைப்போல என் முன்னால் வந்து நின்றார்.

"அழாதேங்கோ, மதாம்" என்றார். "ஒரு ஒரினியால்தானே. அடுத்த வருசமும் வரும்."

ஜினெத் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவரும் அழுதார்.

செல்விக்குப் பதில் இதுதான். திங்கட்கிழமை ஜினெத் முதலாளியிடம் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். என் முன்னாலேயே, நின்றுகொண்டு சொன்னார். அந்தக் கம்பிச் சட்டத்தைப் போடவைத்ததும் அவர்தான். அதற்கு முன்னம் பத்துக்கு ஒன்றைத்தான் பார்ப்போம். கண் பொய் சொன்னாலும் விரல் சொல்லட்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பி போகவேண்டும் என்றார். மட்டையில் எழுதினது முதலாளி. கடை மூடப்படவில்லை. அந்த வருடம் வேட்டைக்காரர் குறைந்தார்கள், பிறகு 'என்னைத் தேடிப்பிடிக்க இவ்வளவு தூரம் வந்தார்கள்' என்று கஸ்தோன் ஊரெல்லாம் சொல்லித்திரிய, கூடினார்கள். ஜினெத்துக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை எடுத்தார்கள். திரும்பி வந்தார், ஆனால் அச்சைத் தொடவில்லை. பொதி கட்டும் மேசையில் இருந்தார். அச்சைப் பொருத்துவது எனக்கு வந்தது. முதல்நாள் நான் பொருத்தி முடித்தபோது என் இடுப்புக்குக் கீழே எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் நான் ஓய்வுபெறும்வரை முழுதாக விடவில்லை. விடாததும் நல்லதென்றுதான் நினைக்கிறேன். புது மெசின் என்னைவிட வடிவாக அளக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மட்டையைக் கழற்றுவதா விடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். லூக்கின் பாதிப் புருவத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு தீர்மானிக்கட்டும்.

அன்று திரும்பி வந்த பயணத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

இரண்டு அரைப் பெட்டிகளும் பின் இருக்கையில் இருந்தன. நான்தான் ஓட்டினேன். வெயில் சரிந்து மலைகள் கருநீலமாகிக்கொண்டிருந்தன. ஜினெத் ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார், திரும்பப் போட்டார். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அங்கே நீ அழுதது லூக்குக்காக இல்லை. அது எனக்கு விளங்கினது. ஆருக்காக?"

அத்தனை வருடங்களாக ஒரே மேசையில் நின்றிருக்கிறோம். அவர் என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தக் கடையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் இந்தக் கையில் கோதைப் பிடிக்கமுடியாமல் போய்விடும் என்று ஒரு பயம். அன்றைக்குச் சொன்னேன். பாண், சைக்கிள், சந்தி, ஒற்றை வெடி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். சைக்கிளை மட்டும் கடைக்காரர் பிறகு கொண்டுவந்து தந்தார் என்றேன். அம்மா அதற்குப் பிறகும் கனகாலம் படலைச் சத்தம் கேட்டால் "ஆரது?" என்று கேட்டு, அண்ணன் பதில் சொல்லுவான் என்று எழும்பிப் போவா என்றும் சொன்னேன்.

ஆறுதல் சொல்வது ஜினெத்தின் பழக்கமில்லை. வெளியே, தன் கண்ணுக்குத் தெரியாத மரங்கள் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு என்ன பேர்?"

"நந்தன்" என்றேன்.

பிரெஞ்சு வாய்க்கு அது லேசில் வராது. உதட்டை அசைத்துப் பார்த்தார். ஒருமுறை தனக்குள்ளே சொன்னார். பிறகு மெதுவாக, கவனமாக, சத்தமாகச் சொன்னார்.

"நாந்தான்."

நான் காரை ஓரத்தில் நிறுத்தினேன்.